நடுத்தர விலை பைனாகுலர்: ஒப்பிட்டு வாங்கும் முறை, படிப்படியாக

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) எங்கள் வீட்டு அஞ்சடியில் ஒரு மேசை கிடக்கிறது. பறவை பார்க்கத் தொடங்குகிற பிள்ளைகள் யாராவது "எந்த பைனாகுலர் வாங்கலாம்ணே?" என்று வந்து நின்றால், இருக்கிற மூன்றையும் அதன்மேல் வைத்து எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அநேகமாக எல்லாரும் செய்வது ஒன்றுதான். எடுத்ததும் கண்ணில் வைக்கிறார்கள், நடுச்சக்கரத்தை நாலு திருப்பு திருப்புகிறார்கள், "இது மங்கல், அது பளிச்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மங்கல் என்று ஒதுக்கிய அதே பைனாகுலரை அவர்கள் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தால், "இதுவாண்ணே அது?" என்கிறார்கள்.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் இடம், அப்புறம் எண்கள், அப்புறம் உங்கள் கண். லென்ஸின் தரத்தை எடைபோடுவது அதற்குப் பிறகுதான்.

நடுத்தர விலை என்று நான் சொல்வது சுமார் 600 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை. அதற்குக் கீழே போனால் லென்ஸ் பூச்சிலும், உள்ளே படத்தை நேராக்கும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்திலும் கை வைத்திருப்பார்கள். மேலே போனால் விலை மடங்கு மடங்காக ஏறும். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அந்த வேகத்தில் ஏறாது.

1. எங்கே, எந்த நேரத்தில் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

நினைத்தால் போதாது, ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் பறவைக்குப் பேர்போன பிரேசர் மலை இருக்கும், கால் போவதோ வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செம்பனைக் காட்டுக்குத்தான்.

செம்பனை வரிசைகளுக்குள் பறவைகள் கிட்டத்தில் இருக்கும். செண்பகம், குண்டுக்கரிச்சான், கொண்டைக்குருவி எல்லாம் 10 முதல் 40 மீட்டருக்குள் வரும். ஆனால் மட்டைகளுக்குக் கீழே வெளிச்சம் குறைவு, பறவை ஓர் இடத்தில் நிற்காது. இங்கே அதிக உருப்பெருக்கம் தேவையில்லை. அகலமாகத் தெரிய வேண்டும், கிட்டத்தில் இருப்பதும் தெளிய வேண்டும்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் கதை வேறு. திறந்த வெளி, நிறைய வெளிச்சம். செந்நாரையும் கொக்கும் அக்கரையில் நிற்கும், நாம் கிட்டப் போக முடியாது. கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் ஒரே காலையில் இரண்டுமே வரும்: கண்டல் மரங்களுக்குள் இருட்டு, குளத்தோரம் தூரம்.

உங்கள் தாளில் தோட்டம் அதிகமாக இருந்தால் 8 மடங்கு. குட்டையும் கடலோரமும் மட்டுமே என்றால் 10 மடங்கைப் பற்றி யோசிக்கலாம். இரண்டும் கலந்திருந்தால் மறுபடியும் 8தான். காரணம் அடுத்த பகுதியில்.

2. எண்களைக் கடைக்குப் போகுமுன் படித்துப் பழகுங்கள்

8×42 என்றால் 8 மடங்கு உருப்பெருக்கம், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42க்கு 5.25 மி.மீ., 10×42க்கு 4.2, 8×32க்கு 4. நல்ல வெயிலில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. தான் திறந்திருக்கும், அப்போது இந்த வித்தியாசம் தெரியாது. மங்கிய நேரத்தில் கண்மணி விரியும்; அப்போதுதான் 5.25 உதவும். வட்டம் பெரிதாக இருந்தால் கண்ணைக் கொஞ்சம் தப்பாக வைத்தாலும் படம் கறுத்துப் போகாது. புதியவர்களுக்கு இது பெரிய வசதி.

அடுத்தது பார்வை அகலம். சில பெட்டிகளில் பாகையாகவும், சிலவற்றில் 1,000 மீட்டரில் எத்தனை மீட்டர் என்றும் போட்டிருக்கும். ஒரு பாகை ஏறத்தாழ 17.5 மீட்டர். நிக்கான் மோனார்க் எம்5 8×42க்கு 6.4 பாகை, அதாவது 112 மீட்டர். அதே கம்பெனியின் எம்7 8×42க்கு 8.3 பாகை, 145 மீட்டர். வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42 இரண்டுக்கும் நடுவில், 131 மீட்டர் அளவில். மூன்றும் 8×42தான். ஆனால் மட்டைக்குப் பின்னால் நுழைந்த பறவையைத் தேடும்போது மூன்றும் ஒன்றில்லை. அகலம் குறைந்தால் தேட நேரமாகும், பறவையோ காத்திருக்காது.

10 மடங்குக்குப் போனால் படம் பெரிதாகும், அகலம் சுருங்கும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். காலை பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் அனல் எழும்போது அந்த அலையும் பெரிதாகத் தெரியும். "பத்து எட்டைவிடப் பெரிசு, அப்ப பத்துதானே நல்லது" என்பதுதான் நான் அதிகம் கேட்கிற தவறு. நானே முதலில் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "30×60" என்று அச்சடித்த ஒன்றை வாங்கி வந்தவன்தான். அதன் முன் லென்ஸை அளந்தால் 60 மி.மீ. பக்கத்தில்கூட வரவில்லை. செந்நிறத்தில் கண்ணாடிபோல் மின்னும் லென்ஸ் வேறு. அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் செம்பருந்துகூடப் பச்சையடித்துத் தெரிந்தது.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும்: ஐ ரிலீஃப். பைனாகுலரிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளியிருந்தாலும் முழு வட்டமும் தெரியும் என்பதன் அளவு அது. 16 மி.மீ.க்குக் குறைந்தால் ஓரம் வெட்டுப்படும். அப்புறம் 145 மீட்டர் அகலத்துக்குக் கொடுத்த காசு வீண்.

கிட்டத்துக் குவிப்புத் தூரம் 2.5 மீட்டருக்குள் இருக்கட்டும். வாசல் வெட்சிச் செடிக்கு வரும் தேன்சிட்டுக்கு அது வேண்டும்.

3. பெட்டியில் எழுதியிருப்பதில் எதை நம்பலாம்

பூச்சு பற்றிய வரியைத் தேடுங்கள். "கோட்டட்", "மல்டி கோட்டட்", "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்று மூன்று விதமாக எழுதுவார்கள். மூன்றாவது மட்டுமே எல்லா லென்ஸ் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்று பொருள். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். உள்ளே பல பரப்புகள் இருப்பதால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நேரான குழல்போல் இருப்பவை ரூஃப் பிரிசம் வகை. இதில் "ஃபேஸ் கோட்டிங்" உண்டா என்று கேளுங்கள். இந்த வகைப் பிரிசத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேர்வதால் நுணுக்கம் கொஞ்சம் குழம்பும். அதைச் சரிக்கட்டுவதுதான் அந்தப் பூச்சு. 600 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறவர் இதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

"எச்டி" என்ற எழுத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. "இடி" (ED) கண்ணாடி என்றால் நிறப்பிசிறு, அதாவது விளிம்பில் ஓடும் ஊதா, பச்சைக் கோடு, குறையும் என்பது உண்மை, ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதை எழுத்து சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நீர் புகாமை, உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியிருப்பது, இந்த இரண்டையும் நம் ஊருக்குக் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரக்காற்று இருந்தால் ஒருநாள் உள்பக்கம் பனிக்கும், அதைத் துடைக்க வழியில்லை.

4. மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்

மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும். 8×42ஐ 8×42ஓடு ஒப்பிடுங்கள். 8×42ஐ 10×42ஓடு ஒப்பிட்டால், பெரிதாகத் தெரிவதையே தெளிவு என்று மூளை எடுத்துக்கொள்ளும்.

சின்ன முகம் உள்ளவர்கள், எடை தாங்காதவர்கள் 8×30 அல்லது 8×32 மூன்றை எடுக்கலாம். 42 மி.மீ. உடல்களில் பலவற்றை முழுக்க மடக்கினாலும் இரு கண்ணுக்கும் நடுவில் இடைவெளி மிஞ்சும். என் தங்கை மகளுக்கு அப்படித்தான் ஆனது. எந்த 42ஐ வைத்தாலும் "ரெண்டு வட்டமா தெரியுது மாமா" என்றாள். 8×30 கொடுத்ததும் சரியாகிவிட்டது.

தலைநகரத்துக் கடைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. மலேசிய இயற்கைக் கழகம் மார்ச் வாக்கில் போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானில் நடத்தும் வலசைக் கழுகு பார்க்கும் நாட்களுக்குப் போனால், விதவிதமான பைனாகுலர் கழுத்தில் தொங்கும் மனிதர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். மரியாதையாகக் கேட்டால் கொடுப்பார்கள். அவர்களுடைய டயாப்டரை (இரு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம்) நீங்கள் திருப்பினால், முன்பிருந்த இடத்துக்கே திருப்பி வைத்துக் கொடுங்கள்.

5. சோதிக்கப் போகும்போது கையில் என்ன வேண்டும்

தாள், பேனா. வழக்கமாகப் போடும் மூக்குக்கண்ணாடியும் தொப்பியும் (தொப்பி விளிம்பு பைனாகுலரில் இடிக்கும், அதையும் பார்க்க வேண்டும்). சுத்தமான லென்ஸ் துணி. அப்புறம் ஒரு 5 வெள்ளி நோட்டு.

நோட்டு எதற்கு என்றால், பின்பக்கம் இருவாச்சிப் படம் இருக்கிறது. சன்னக் கோடுகள், சிறிய எழுத்து, ஒரு பறவை, எல்லாம் ஒரே இடத்தில். நிழலில் ஒரு சுவரில் ஒட்டி 15 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், எந்தப் பைனாகுலரில் எந்த எழுத்துவரை படிக்க முடிகிறது என்று எழுதிவிடலாம். உயிருள்ள பறவை ஒப்பீட்டுக்கு உதவாது. நீங்கள் இரண்டாவதை எடுப்பதற்குள் பறந்துவிடும். நோட்டு பிளாஸ்டிக் என்பதால் வெயிலில் பளபளக்கும், நிழலை மறக்காதீர்கள்.

6. ஒவ்வொன்றையும் உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள்

இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாமே வீண். ஒவ்வொரு பைனாகுலருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முதலில் செய்ததை நம்பி அடுத்ததை அப்படியே எடுக்கக்கூடாது.

முதலில் கண்குவளை. மூக்குக்கண்ணாடி இல்லாதவர்கள் முழுக்க வெளியே திருகுங்கள், போடுகிறவர்கள் முழுக்க உள்ளே. குவளை தவறான உயரத்தில் இருந்தால் படத்தில் கறுப்பு நிழல் மிதக்கும். அதைப் பைனாகுலரின் குறை என்று எண்ணுவார்கள்.

அடுத்து நடுக்கீல். மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது 30 மீட்டர் தூரத்தில் அசையாத ஒன்றை எடுங்கள். பெயர்ப்பலகை நல்லது. வலப்பக்க முன் லென்ஸை உள்ளங்கையால் மறையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கும், அளவு தவறிவிடும். இடக் கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள்.

பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி வலக் கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். பெரும்பாலும் அது வலக் கண்குவளைக்குக் கீழே இருக்கும். இந்த இடத்தில்தான் கை தானாக நடுச்சக்கரத்துக்குப் போகும். போனால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

மூன்று முறை செய்து, வளையம் எந்தக் குறியில் நிற்கிறது என்று எழுதுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் வேறு இடம் காட்டினால் கண் களைத்திருக்கிறது. ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள்.

7. பகலில் சோதியுங்கள், குறை கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குங்கள்

வாங்கவே கூடாத குறைகளை முதலில் தேட வேண்டும். படம் அழகாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் மனம் ஒன்றில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதன் குறை கண்ணில் படாது.

மின்கம்பி ஒன்றைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெல்ல முகத்திலிருந்து சில அங்குலம் விலக்குங்கள். கம்பி இரண்டு வட்டத்திலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்றால் இரண்டு குழல்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தாலே கண் இழுப்பதுபோல் இருக்கும், தலைவலிக்கும். இது நல்ல கம்பெனிப் பொருளிலும் சில சமயம் வரும், ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் அடிபட்டிருக்கும். வேறொன்று கேளுங்கள்.

அடுத்து கையை நீட்டி வானத்தின் வெளுப்பான பகுதியை நோக்கிப் பிடியுங்கள். சூரியன் பக்கம் வேண்டாம், எந்தச் சோதனையிலும் வேண்டாம். கண்பக்க லென்ஸில் இரண்டு ஒளிவட்டம் தெரியும். வட்டம் முழுசாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டி, சதுரம்போல் சாம்பல் நிழலோடு இருந்தால் பிரிசத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள்.

நடுச்சக்கரத்தைக் கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஓட்டுங்கள். திருப்பிய உடனே படம் நகர்கிறதா, கொஞ்சம் வெற்றாகச் சுற்றிவிட்டு நகர்கிறதா? வெற்றுச் சுற்று இருந்தால் பஞ்சுருட்டான் நம்மை நோக்கிப் பறந்து வரும்போது ஒருமுறைகூடச் சரியாகப் பிடிக்க முடியாது.

இப்போது நோட்டு. நடுவில் வைத்து எதுவரை படிக்க முடிகிறது, பிறகு வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளினால் எங்கே கலங்குகிறது என்று பாருங்கள். இந்த விலையில் ஓரம் கலங்காத பைனாகுலரைத் தேடி அலைய வேண்டாம். பாதிக்கு வெளியே கொஞ்சம் மசமசப்பது சகஜம். பாதிக்கு உள்ளேயே கலங்கினால் தள்ளுங்கள்.

கடைசியாக நிறப்பிசிறு. வெளுத்த வானத்துக்கு எதிரே ஒரு செம்பனை மட்டையை எடுங்கள். இலைநுனியில் ஊதா அல்லது பச்சைக் கோடு ஓடுகிறதா? நடுவிலேயே தடிமனாக ஓடினால் கொக்கின் வெள்ளை இறகுக்கும் சாயம் பூசிவிடும். ஓரத்தில் மட்டும் மெல்லிதாக இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். என் அனுபவத்தில் பார்வை அகலமும் கண்ணுக்கு வசதியும் இதைவிட முன்னால் நிற்கும்.

8. மாலை ஏழு மணிக்கு மறுபடியும் பாருங்கள்

கடையில் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். வித்தியாசம் தெரிவது நம் ஊரில் ஏழு மணிக்கு, சூரியன் இறங்கி விளக்கு போடும் நேரத்தில்.

தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைகளுக்காகக் கம்பத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். (உள்ளே போகுமுன் மேனேஜர் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், குலை திருட வந்தவர் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.) 50 மீட்டர் தள்ளி நின்று, அந்தப் பெட்டியின் வாசலை மூன்று பைனாகுலரிலும் மாறி மாறிப் பாருங்கள். பலகையின் ஆணியும் விளிம்பும் எதில் கடைசிவரை தெரிகிறது என்று நேரத்தோடு எழுதுங்கள். ஒன்று முதலில் கைவிடும், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பூச்சுக்கும் பிரிசத்துக்கும் காசு கொடுக்கிறோம்.

கிளம்பும்போது தெருவிளக்கு ஒன்றை வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்தால் உள்ளே ஒளி சிதறுகிறது. காலை வெயிலுக்கு எதிரே நிற்கும் பறவையிலும் அதே வெளுப்பு வரும்.

9. எடையைக் கையில் அல்ல, கழுத்தில் பாருங்கள்

8×42 என்றால் பெரும்பாலும் 600 முதல் 725 கிராம் வரை இருக்கும். கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. கழுத்தில் மாட்டி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். பத்து நிமிடம் மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சில சமயம் எடை கூடியதே நன்றாகச் சமன்பட்டு, நடுக்கம் குறைந்து நிற்கும். கூடவே வரும் கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோளில் மாட்டும் வார் ஒன்று வாங்குவது நல்லது.

10. காசு கொடுக்கும் முன்

உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா, பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இணையத்தில் இரண்டு விலை இருப்பது பெரும்பாலும் இதனால்தான். குறைந்த விலைக்கு வருவது வெளிநாட்டு வழியாக வந்த பொருளாக இருக்கலாம். நன்றாகவும் இருக்கலாம், ஆனால் குழல் விலகினால் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சோதித்தது ஒன்று, பெட்டியில் வருவது வேறொன்று. அதனால் வீட்டுக்கு வந்ததும் மின்கம்பிச் சோதனையையும் ஒளிவட்டச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் செய்யுங்கள். ஒருவர் பிள்ளை பிறந்தநாளுக்கு என்று வாங்கிப் பெட்டி பிரிக்காமல் ஒரு மாதம் வைத்திருந்தார். பிரித்தபோது ஒரு குழல் விலகியிருந்தது, கடை கைவிரித்துவிட்டது.

11. முதல் வாரத்திலேயே பூஞ்சைக்கு வழி பண்ணுங்கள்

நம் ஊர் ஈரத்தில் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது பூச்சையே அரித்துவிடும், துடைத்தால் போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்று போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானாலும், ஆரஞ்சு ஜெல் பச்சையானாலும் காயவைக்கும் நேரம்.

மழையில் நனைந்து வந்தால் உடனே டப்பாவில் போடாதீர்கள். வெளிப்புறத்தைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு வைத்து, காய்ந்த பிறகுதான் மூடவேண்டும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிப்பது பழுதில்லை, வெளிப்பக்கப் பனிதான். துடைத்தால் தூசி உராய்ந்து கீறும். பத்து நிமிடம் விட்டால் தானாகப் போய்விடும். இறங்குமிடத்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஏர்கானை அணைத்து ஜன்னலை இறக்கிவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் மிச்சம்.